படத்தில் காணாத சுவர்

ஓகஸ்ட் 2, சனி

கச்சான் காற்று. காலை பத்து மணிக்கே முற்றத்து மண் காலைச் சுடுகிறது. காயப்போட்ட உடுப்பு அரை மணியில் காய்ந்துவிட்டது, மணலும் ஒட்டிக்கொண்டது. திரும்ப அலசினேன்.

தையல்: பக்கத்து வீட்டு றம்ஸியாவின் அபாயாவுக்குக் கை மடிக்க வேண்டும். கறுப்பு நூல் முடிந்துவிட்டது.

இன்றைக்கு ஒரு படம். பின்தெருப் பிள்ளை. மருதமுனையிலிருந்து சம்பந்தம் கேட்டிருக்கிறார்கள். உம்மாவும் சாச்சியும் கூட வந்தார்கள். பிள்ளை விறைத்துப்போய் நின்றாள். சிரி சிரி என்று உம்மாக்காரி சொல்லச் சொல்ல முகம் இன்னும் இறுகியது. ஜன்னல் பக்கம் அரைவாசி திருப்பிவிட்டு, "அங்க பாரு புள்ள, ஒங்கட சாச்சி என்ட செருப்பப் போட்டுட்டு நிக்காங்க" என்றேன். மெய்யாகவே போட்டுக்கொண்டுதான் நின்றாள். பிள்ளை குனிந்து பார்த்துச் சிரித்து நிமிர்ந்தாள். அமுக்கிவிட்டேன்.

பின்னால் இருந்தது எங்கள் அலுமாரி. அதற்கு மேல் சுருட்டிய பாய், துணி மூட்டை, ஓடாத பழைய காற்றாடி. போன் பின்னால் உள்ளதை மங்க வைத்துவிட்டதால் படத்தில் அதெல்லாம் ஒன்றுமில்லை. மெத்தென்று ஒரு பழுப்பு நிறம் மட்டும். அதற்கு முன்னால் பிள்ளை பளிச்சென்று. உம்மாக்காரி போனை வாங்கிப் பார்த்தாள், "இது எங்கட புள்ளயா" என்றாள். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்த வேலையே செய்கிறேன். காசு வாங்குவதில்லை.

தம்பி கட்டாரிலிருந்து போனைக் கொண்டுவந்து தந்து ஒன்றரை வருடம். பெண் பிள்ளைகளை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போக எங்கள் ஆட்களுக்கு மனமில்லை. ஆண்பிள்ளை எடுப்பான், கம்பியூட்டரில் கிடக்கும், யார் கண்ணில் படுமோ. அதனால் என்னிடம் வருகிறார்கள்.

எனக்கு நானே போட்ட சட்டம், எழுதி வைத்தால்தான் பிசகாது:
படம் ஒரே ஒரு நம்பருக்குத்தான் போகும்.
போனதும் உம்மாவின் கண் முன்னாலேயே அழிக்கிறது. அழித்தது போய்க் கிடக்கிற இடத்திலிருந்தும் அழிக்கிறது.
முகத்தை வெள்ளையாக்க மாட்டேன். அழுது கேட்டாலும்.
கறுப்பு முக்காடு வேண்டாம். இருட்டுக் கதவுக்கு முன்னால் நின்றால் போன் தோளையும் தின்றுவிடும்.
பிள்ளைக்கும் சுவருக்கும் ஐந்து எட்டுத் தூரம். எனக்கும் பிள்ளைக்கும் இரண்டு எட்டு.
தோடு பெரிதென்றால் எடுத்த பிறகு பெரிதாக்கிப் பார். போன மாதம் ஒரு பிள்ளையின் தோட்டில் பாதி காணாமல் போயிற்று.

இதுவரை பதினாலு பிள்ளைகள். ஆறு கலியாணம். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், பெருமையடிக்கக் கூடாது. ஆனாலும் பதினாலில் ஆறு.

ஓகஸ்ட் 4, திங்கள்

கீரி மீன் வாங்கியது. பால் ஆணம், முருங்கையிலைச் சுண்டல்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஸித்தி மாமி வந்தார். யாருக்கும் சொந்த மாமி இல்லை, ஊருக்கே மாமி. சம்பந்தம் பேசி வைப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. உட்கார முன்னமே தொடங்கிவிட்டார்.

"ஜெஸீமா, ஊராட புள்ளகளயெல்லாம் எடுக்காய். ஒன்ட புள்ளய எப்ப எடுக்கப் போறாய்?"

சம்மாந்துறை ஆட்கள். வாப்பாவுக்கு வயல் வெள்ளாமை, சொந்தமாக ஒரு நெல் வெட்டுகிற மெசின். மாப்பிள்ளைப் பையன் நீர்ப்பாசனத்தில் வேலை, வாய்க்கால் மதகு கட்டுகிற இடங்களில் நின்று அளந்து பார்க்கிற உத்தியோகம். நல்ல பிள்ளையாம். எல்லாரும் நல்ல பிள்ளைதான் ஸித்தி மாமிக்கு. ஆனால் இந்த முறை சொன்ன விதத்தில் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மகள் நுஹாவைக் கேட்டேன். கெம்பஸ் முடித்துவிட்டு இப்போது வகுப்பொன்றில் கணக்குப் படிப்பிக்கிறாள். விடைத்தாளிலிருந்து தலை எடுக்காமல், "பாக்கட்டும். பொறகு நானும் பாக்கனும்" என்றாள். வாப்பாவைப் போலத்தான், நாலு வார்த்தைக்கு மேல் வராது.

மாமி போகும்போது கேட்டார். "வூடு முடிஞ்சதெண்டு செல்லட்டா?"

"செல்லுங்க" என்றேன்.

பெண் பிள்ளை பிறந்த மறு வருடமே வாப்பாமார் அத்திவாரத்தைப் பற்றி யோசிக்கிற ஊர் இது. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பார். எங்கள் வளவிலேயே நுஹாவுக்கும் வீடு கட்டியாயிற்று. இவர், நுஹாவின் வாப்பா, மேசன். மற்ற நாளெல்லாம் மற்ற ஆட்களின் வீடு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தால் மகளின் வீடு. அப்படியே எட்டு வருடம். தளம், ஜன்னல், கதவு, குசினி, எல்லாம் சரி. முன் மண்டபத்தில் ஒரு சுவர் மட்டும் பூசாமல் வெறும் செங்கல்லாக நிற்கிறது. இரண்டு வருடமாகக் கேட்கிறேன், எப்போது பூசப் போகிறீர்கள் என்று. "பாப்பம்" என்பார். எங்கள் பக்கத்தில் பூசாத சுவர் என்றால் காசு முடிந்துபோன வீடு என்றுதான் அர்த்தம். மேசனின் வீட்டிலேயே அப்படி. எனக்கு வெட்கம்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

படம் எடுத்தாயிற்று. எழுதக் கை துறுதுறுக்கிறது.

பழைய வீட்டில் வெளிச்சம் காணாது. புது வீட்டு மண்டபத்தில்தான் காலை எட்டு மணி வெளிச்சம் கிழக்கு ஜன்னலால் பக்கவாட்டில் விழும். ஆனால் அந்தச் சுவர் நேரே பின்னால். நுஹாவை ஜன்னலோரம் நிறுத்தினேன், சுவரிலிருந்து ஆறு எட்டு. இளம் பச்சை முக்காடு. கையில் ஒன்றும் கொடுக்கவில்லை. கோப்பை கொடுத்தால் பிடியை போன் தின்றுவிடும்.

"உம்மா, கெதியா. எட்டரைக்கு வகுப்பு."

"தலையக் கொஞ்சம் எறக்கு."

"எறக்கினா நாடி ரெண்டாத் தெரியும்."

"தெரிஞ்சாத் தெரியட்டும். அது ஒன்ட நாடிதானே."

அதற்குச் சிரித்தாள். பல் தெரியாத சிரிப்பு, கண் மட்டும் சிரிக்கிறது. ஏழு எடுத்தேன், ஐந்தாவதுதான்.

பிறகு மங்கலைக் கூட்டிக் குறைக்கிற கோட்டை வலது பக்கம் கடைசி வரை இழுத்தேன். செங்கல் எல்லாம் கரைந்து செம்மண் நிறத்தில் ஒரு புகையாயிற்று. சுவர் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். முக்காட்டின் ஓரம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. கண் இமை ஒவ்வொன்றும் தனித்தனி. நான் எடுத்ததிலேயே இதுதான் நம்பர் ஒன். பதினாலு பிள்ளைகளின் உம்மாமார் என்னை மன்னிக்க வேண்டும், இதற்குக் கிட்டவும் அவை வராது.

ஸித்தி மாமி தந்த நம்பருக்கு அனுப்பினேன். சட்டப்படி அழித்திருக்க வேண்டும், அழிக்கவில்லை. என் பிள்ளைதானே.

மறக்காமல்: கறுப்பு நூல், ஊசி 14, உளுந்து.

ஓகஸ்ட் 7, வியாழன்

மின்சாரம் போய் வந்தது. மூன்று அபாயா முடித்தேன்.

பகல் ஸித்தி மாமி வந்து போனை என் காதில் வைத்தார். மாப்பிள்ளையின் உம்மா குரல் பதிந்து அனுப்பியிருக்கிறார்.

"ஸித்தி மாமி, புள்ள வடிவா இரிக்கா, மாஷா அல்லாஹ். மகனுக்கும் காட்டின. ஒரு விசயம் கேக்கனும், பிழையா நினைக்காதீங்க. படத்தில பின்னால என்ன இரிக்கெண்டு ஒண்ணும் வெளங்குதில்ல. அவங்கட வூட்டில எடுத்ததா, வேற ஆக்கட வூட்டில எடுத்ததா? வூடு முடிஞ்சதெண்டு சென்னீங்க. முடிஞ்ச வூட்ட என்னத்துக்கு மறைக்காங்க?"

மூன்று தரம் கேட்டேன். காது சூடாகிவிட்டது. நானா மறைக்கிறேன். ஒரு படத்தின் அழகு என்னவென்று தெரியாத ஆட்கள். உலகம் முழுக்க இப்படித்தான் எடுக்கிறார்கள், பெரிய பெரிய கமராவில் எல்லாம் இப்படித்தான். மாமியிடம் இதையெல்லாம் கொட்டினேன். மாமி தலையாட்டிக் கேட்டுவிட்டு, "அதெல்லாஞ் சரி. அவங்க பொண்ணையும் பாப்பாங்க, வூட்டையும் பாப்பாங்க. நீ ஒண்டத்தான் காட்டினாய்" என்றார்.

மாமி போன பிறகு தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன். மறைக்கத்தானே செய்தேன். உள்ளதை இங்கேயாவது எழுத வேண்டும்.

ஓகஸ்ட் 8, வெள்ளி

நெய்ச்சோறு, கோழி, அன்னாசிச் சம்பல். ருசி நன்றாக வந்தும் சாப்பிட மனமில்லாத நாள்.

காலையிலேயே றம்ஸியா அபாயா எடுக்க வந்தாள். காசைத் தந்துவிட்டும் போகாமல் நின்றாள்.

"ராத்தா, என்ட தங்கச்சிட படமும் நீங்கதானே எடுத்த. அதிலயும் பின்னால மங்கல்தானே."

"ஓம்."

"இல்ல, ஆக்கள் கதைக்காங்க. வூடு இல்லாத ஆக்கள் வேற ஆக்கட வூட்டில நிண்டு எடுக்காங்களாம், அதான் பின்னால மங்க வெக்கிறாம். தங்கச்சிட கலியாணம் நிண்டுபோனது அதாலயா இருக்குமா ராத்தா?"

றம்ஸியாவின் தங்கச்சியை என் அலுமாரிக்கு முன்னால் நிறுத்தித்தான் எடுத்தேன். எல்லாரையும் அப்படித்தான். ஊர் சொல்வது ஒரு விதத்தில் மெய்தானே, வேறு ஆள் வீடுதானே. "அப்பிடி இருக்காது" என்றேன். நம்பினாளோ தெரியாது. ஒன்றரை வருடம் கட்டின நல்ல பெயர், இரண்டு நாளில் ஊர் வாயில். அதைவிடப் பயம் நுஹாவை நினைத்து. இந்தச் சம்பந்தம் என் விரலால் கெட்டுப்போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்.

ஜும்ஆ முடிந்து இவர் வந்தார். சாப்பிட்டார். கை கழுவிய பிறகுதான் சொன்னார். பள்ளி வாசலில் ஒருவர் கேட்டாராம், "பாஸ், மகள்ட வூட்டுக்குப் பூச்சு முடியல்லையாமே, சீமெந்துக்கு ஏதும் ஒதவி வேணுமா" என்று. இருபத்தாறு வருடம் ஊருக்குச் சுவர் கட்டின மனிசனிடம்.

"அந்தப் படத்தக் காட்டு" என்றார்.

கொடுத்தேன். கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"புள்ள வடிவா வந்திரிக்கா."

பிறகு இரண்டு விரலால் பெரிதாக்கினார், பக்கத்துக்குத் தள்ளினார், மேலே தள்ளினார். தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது.

"செவரக் காணல்ல."

"மங்க வெச்சிட்டன். பூசாமக் கிடக்குதே."

பிறகு வழக்கத்துக்கு மாறாக நீளமாகக் கதைத்தார். சொன்னது சொன்னபடி எழுதி வைக்கிறேன்.

"அது பூச விட்டுப்போன செவர் இல்ல புள்ள. பூச்சு எல்லாத்தயும் மூடிரும். வளஞ்சி கெடந்தாலும் தெரியா, கல்லு உடைஞ்சி கெடந்தாலும் தெரியா. ஊருக்கெல்லாம் மூடித்தான் குடுத்த. மூடாம ஒரு செவர் நிக்கனும் எண்டு நினைச்ச. மகள்ட வூட்டில."

"இதை ஏன் எனக்குச் செல்லல்ல?"

"எப்ப பூசுறீங்க எண்டுதானே நீ கேட்ட. ஏன் பூசல்ல எண்டு கேக்கல்லயே."

போனை மேசையில் வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு புது வீட்டுப் பக்கம் போனார். வெள்ளிக்கிழமைதானே. இன்றைக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஓகஸ்ட் 9, சனி

சுபஹ் தொழுதுவிட்டு நித்திரை வரவில்லை. படத்தைத் திறந்தேன். மங்கல் கோட்டை இடது பக்கம் மெல்ல மெல்ல இழுத்தேன்.

முதலில் நிறம் இரண்டாகப் பிரிந்தது. பிறகு குறுக்கே கோடுகள். பிறகு கல் கல்லாகச் சுவர் வெளியே வந்தது, நுஹாவின் தோளுக்குப் பின்னால், அடியிலிருந்து முகடு வரை. ஒரு வரி கூட ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் ஓடுகிற சாந்துக் கோடு எல்லா இடமும் ஒரே தடிப்பு. இந்த மனிசனோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அந்தச் சுவரை இன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் போனுக்குள்.

விடிந்ததும் எழும்பிப் புது வீட்டுக்குப் போய்க் கிட்ட நின்று பார்த்தேன். கை வைத்துத் தடவினேன். கல் எல்லாம் ஒரே நிறம். சூளையில் பொறுக்கியிருக்க வேண்டும், எத்தனை லோட் கல்லில் எத்தனை கல் கழித்தாரோ. மூலையில் இரண்டு சுவரும் சேருகிற இடத்தில் ஒரு கல் இந்தப் பக்கம், ஒரு கல் அந்தப் பக்கம் என்று மாறி மாறிக் கோத்திருக்கிறது. மேலே வார்னிஷ் மாதிரி ஏதோ பளபளவென்று தடவியும் இருக்கிறார். நான் இதுவரை அதை ஈரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அழுதேன். வெட்கத்தால் பாதி. மற்றப் பாதி பெருமை, என்ன இருந்தாலும் என் புருஷன்.

பத்து மணிக்கு ஸித்தி மாமியின் போன். நாளைக்கு வருகிறார்களாம், நேரில் பார்க்க. "படத்தில காணாததப் பாக்கத்தான் வாறாங்க" என்றார்.

நாளைக்கு: வட்டிலப்பம் (முட்டை 20), கட்லட், ரோல்ஸ் கடையில். பழைய திரைச்சீலை கழுவ. கதிரை நாலு றம்ஸியா வீட்டில் இரவல். நுஹாவின் நீலச் சல்வார் மினுக்க.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

வந்தார்கள், போனார்கள்.

உம்மா, வாப்பா, கலியாணம் முடித்த ஒரு ராத்தா, அவவின் கைக்குழந்தை, கூட ஸித்தி மாமி. மாப்பிள்ளைக்கு எங்கேயோ மதகு வேலை, வரவில்லை. வாப்பாக்காரர் புது வீட்டு வாசல் விறாந்தையில் இவரோடு. பெண்கள் உள்ளே மண்டபத்தில். கதவு திறந்து கிடந்ததால் இரண்டு பக்கமும் கேட்கும்.

மாப்பிள்ளையின் உம்மா நல்ல மனிசி. குழைந்து கதைக்கவில்லை, கரித்தும் கதைக்கவில்லை. நுஹாவைப் பக்கத்தில் இருத்தி என்ன படிப்பிக்கிறாய் என்று கேட்டார். "கணக்கு" என்றாள். "எங்கட மகனுக்கும் வாயத் தொறந்தாக் கணக்குத்தான்" என்றார். வட்டிலப்பம் இரண்டு தரம் போட்டுக்கொண்டார். பிறகு எழும்பி வீடு பார்த்தார். குசினிக்குள் நின்று புகை போகிற வழி கேட்டார், அறைக் கதவைத் திறந்து மூடினார், தண்ணி திறந்து பார்த்தார். எனக்குக் குறையில்லை, எனக்கு ஒரு மகன் இருந்து பெண் வீடு பார்க்கிறதென்றால் நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

கடைசியாகச் சுவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"மச்சி, வூடு நல்லாரிக்கி. ஒண்ணுங் கொற இல்ல. இந்தச் செவர மட்டும் பூசி, நிறம் அடிச்சித் தந்தீங்கெண்டா, கலியாணக் காவின் எழுதுற நாளப் பேசலாம்."

விறாந்தையிலிருந்து இவரின் குரல் வந்தது, ஒரு கணம் கூடப் பிந்தாமல்.

"பூசித் தாறன். அது ரெண்டு நாள் வேல."

மகளுக்காகச் சொல்லிவிட்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அதற்குள் இருந்த நோவு எனக்குத்தான் கேட்டது. இருந்த இடத்திலிருந்து எழும்பிவிட்டேன்.

"பூச மாட்டம்" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஸித்தி மாமி தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தார்.

"மன்னிச்சிக்கங்க மச்சி. அது பூச விட்டுப்போன செவர் இல்ல. இப்பிடி நிக்கனும் எண்டே கட்டின செவர். எனக்கும் முந்தாநாள் வரைக்கும் தெரியா. வெக்கப்பட்டு நான்தான் படத்தில மங்க வெச்ச. அது என்ட பிழ, அவரட இல்ல. கிட்டப் போய்ப் பாருங்க. ஒரு கல்லு கோணி இருந்தாச் செல்லுங்க, நானே சாந்து கொழைச்சித் தாறன்."

சொல்லி முடித்தேன். நுஹாவைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவளின் கலியாணத்தை வைத்துத்தானே நான் வீராப்புப் பேசுகிறேன்.

மாப்பிள்ளையின் வாப்பா விறாந்தையிலிருந்து எழும்பி உள்ளே வந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு சுவரின் ஓரத்தில் கன்னத்தை வைக்கிற மாதிரிச் சாய்ந்து ஒரு கண்ணை மூடி நீளத்துக்குப் பார்த்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு வெளியே போய் இவருக்குப் பக்கத்தில் இருந்தார். என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை, குழந்தை அழத் தொடங்கிவிட்டது.

போகும்போது அந்த உம்மா என் கையைப் பிடித்து, "கதைச்சிப் பாத்துட்டுச் செல்றம்" என்றார். இந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

நுஹா கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்கு வந்தாள். நான் முதலில் மன்னிப்புக் கேட்போம் என்று திரும்பினேன். கோப்பைகளை வைத்துவிட்டு என் தோளில் தலையை வைத்தாள்.

"அவங்க வராட்டிப் போகட்டும் உம்மா. வாப்பா பூசுறன் எண்டு சென்னதும் எனக்கு ஒரு மாதிரியாப் போயிட்டு. நீங்க செல்லாட்டி நான் செல்லியிருப்பன்."

என் பிள்ளை. நாலு வார்த்தைக்கு மேல் வந்துவிட்டது.

ஓகஸ்ட் 11, திங்கள்

ஒரு செய்தியும் இல்லை. இரவல் கதிரை திருப்பிக் கொடுத்தது. மிஞ்சிய வட்டிலப்பம் றம்ஸியாவுக்கு.

றம்ஸியாவிடம் நேரே சொன்னேன். தங்கச்சியை அனுப்பு, உங்கள் வீட்டிலேயே வந்து எடுக்கிறேன், பின்னால் என்ன இருக்கிறதோ அது இருக்கட்டும் என்று. "எங்கட வூட்டில பின்னால கோழிக் கூடு ராத்தா" என்றாள். நல்ல கூடென்றால் இருக்கட்டுமே என்றேன். சிரித்தாள். வருவாள் என்று நினைக்கிறேன்.

இவர் நேற்றைய கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இன்றைக்கு வேலையால் வரும்போது எனக்குப் பிடித்த மஸ்கட் இனிப்பு வாங்கி வந்தார். கேட்காமல் வாங்கி வந்தது எந்தக் காலத்தில் என்று ஞாபகமில்லை.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

காற்று அதிகம். தலையிடி. போன் மணி அடிக்கும்போதெல்லாம் ஓடினேன். இரண்டு தரம் மின்கட்டணம், ஒரு தரம் தம்பி.

சட்டத்தில் ஒன்று சேர்க்க வேண்டும்: மங்க வைக்க முன் பின்னால் என்ன இருக்கிறது, யார் வைத்தது என்று கேள்.

ஓகஸ்ட் 13, புதன்

ஸித்தி மாமி அஸருக்கு முன்பே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது, முக்காடு கழுத்தில் கிடந்தது. தண்ணி கொடுத்தேன். குடித்து முடிக்கும் வரை ஒன்றும் சொல்லாமல் இருந்தார், வேண்டுமென்றுதான்.

"வாப்பாக்காரர் போய் மகனுக்கிட்டச் செல்லியிரிக்கார், இப்பிடி ஒரு செவர் கண்ட எண்டு. அவன் உம்மாக்கிட்டச் சென்னானாம், அந்தச் செவரப் பூசச் செல்லிக் கேட்டா நான் அந்த வூட்டுக்கு வர மாட்டன் எண்டு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். பழைய வீட்டின் சுவரை, பூசின சுவரை.

"உம்மாக்காரிக்கு?"

"அவவுக்கு முகம் கொஞ்சம் கறுத்ததுதான். மறுகா சிரிச்சிட்டா. வயல் வெட்டு முடிஞ்சி நாள் பேச வாறாங்க. இப்ப மகன் ஒண்டு கேக்கான். செவருட படம் ஒண்டு வேணுமாம். மங்கல் இல்லாம."

நுஹா அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "என்ட படத்துக்கு ஒண்ணுஞ் செல்லல்ல. செவருக்குத்தான் அவசரம்" என்றாள். ஆனால் குரல் சிரித்தது. உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். நேரில் வரட்டும், செவரைப் பற்றி இரண்டு கேள்வி கேட்பேன், சரியாகச் சொன்னால் சம்மதம் என்றாள். கணக்கு டீச்சர்.

லென்ஸைத் துடைத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போனேன். இவர் இன்றைக்கு வேளைக்கே வந்துவிட்டார், உடுப்புக் கூட மாற்றாமல் சுவருக்கு முன்னால் நின்று எதையோ விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார், அவ்வளவுதான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

போனைத் தூக்கினேன். "தள்ளவா?" என்று கேட்டார்.

"வேணா. நில்லுங்க."

ஒரு கை சுவரில், ஒரு கை இடுப்பில். என்னைப் பார்க்காமல் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்தேன். அவர், சுவர், மூலையில் சாத்தி வைத்த ஏணி, எல்லாம் ஒரே தெளிவு. சம்மாந்துறைக்கு அனுப்பினேன்.

கிட்ட வந்து எட்டிப் பார்த்தார்.

"மங்கல் போட்டயா?"

"இல்ல."

"என்னையாவது மங்க வெச்சிரிக்கலாம். சட்டையெல்லாம் சீமெந்து."

போயாச்சு என்றேன்.